வீட்டுக்குள் தப்பிய வளர்ப்புப் பாம்பு: அறிகுறி பார்த்துத் தேடும் முறை

பெட்டி காலியாக இருப்பதைப் பார்த்தவுடன் பெரும்பாலோர் முதலில் செய்வது பக்கத்தில் இருக்கும் சோபாவைப் புரட்டுவதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பாம்பு அதற்குள் இருந்தால் சட்டத்துக்கும் தரைக்கும் இடையில் நசுங்கும். இல்லையென்றால் அந்த அதிர்வே அதை இன்னும் ஆழமான இடுக்குக்குள் அனுப்பிவிடும். தப்பிய பாம்பு வீடு முழுக்கச் சுற்றிக்கொண்டே இருப்பதில்லை. இருட்டு, உடம்பை ஒட்டிய இறுக்கம், தனக்கு ஏற்ற வெப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்த ஓரிடம் கிடைத்துவிட்டால் பகல் முழுவதும் அங்கேயே சுருண்டு கிடக்கும். எனவே, இந்த மாதத்தில், இந்த நேரத்தில், நம் வீட்டில் அப்படிப்பட்ட இடம் எது என்று யோசிப்பதில்தான் தேடல் தொடங்க வேண்டும்.

இக்குறிப்பு மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பால் பைத்தானோ கார்ன் ஸ்நேக்கோ வளர்ப்பவர்களுக்கானது. இரண்டும் நஞ்சற்றவை. பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. வளர்ந்தால் 3 முதல் 5 அடி வரை நீளும். பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு உருண்டையாகச் சுருளும். பந்து (ball) என்று பொருள்படும் அதன் ஆங்கிலப் பெயருக்கும் நம் பாலுக்கும் தொடர்பில்லை என்றாலும், எங்கள் தெருப் பெரியவர்கள் "அது பால் குடிக்குமா?" என்று கேட்பதை இன்னும் நிறுத்தவில்லை. எந்தப் பாம்பும் பாலைத் தேடி வராது. ஆகவே கிண்ணத்தில் பால் வைத்துக் காத்திருப்பது வீண். கார்ன் ஸ்நேக் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த மெலிந்த பாம்பு, ஏறுவதில் கெட்டி.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைத்து வளர்க்க 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்காது. பால் பைத்தான், உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் இருப்பதால், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அதை வைத்திருப்பவர் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். அதற்கான விதிகள் 2024இல் வந்தன. இதை இங்கே சொல்லக் காரணம், தேடும்போது வெளியாளின் உதவி தேவைப்படலாம் என்பதுதான். பதிவுச் சான்றைக் கையில் வைத்திருப்பவர் தயங்காமல் உதவி கேட்பார். இல்லாதவர் மறைக்கப் பார்ப்பார், அதற்குள் பாம்பு பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும்.

பெட்டி காலி போலிருக்கிறது. ஆனால் மூடி பூட்டியபடியே இருக்கிறது

பாம்பு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். தேங்காய் நார்த்தூள் நான்கு விரல் ஆழம் போட்டிருந்தால் பால் பைத்தான் அதற்குள் முழுவதும் புதைந்துகொள்ளும். ஒளிவுச் சட்டியின் உட்புறக் கூரை, தண்ணீர்க் கிண்ணத்தின் அடி, பின்சுவரில் ஒட்டிய அலங்காரத் தகட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள சந்து ஆகியவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பாருங்கள். நார்த்தூளைக் கையால் துழாவாமல், ஒரு மூலையிலிருந்து தொடங்கிக் கைப்பிடி கைப்பிடியாக ஒரு தட்டுக்கு மாற்றுங்கள். அதன் பிறகும் இல்லையென்றால், பெட்டியைச் சூடாக வைக்கும் மின்விரிப்பான ஹீட் மேட்டின் ஒயர் நுழையும் துளையை அளந்து பாருங்கள். பாம்பின் தலை நுழையும் இடைவெளியில் அதன் உடலும் நுழைந்துவிடும். குட்டி கார்ன் ஸ்நேக்குக்குச் சுண்டுவிரல் நுழையும் துளையே தாராளம்.

மூடி திறந்திருக்கிறது, போய்ச் சில மணி நேரம்தான் ஆகியிருக்கும்

இது நல்ல நிலைமை. பாம்பு அனேகமாக அதே அறையில்தான், சுவரை ஒட்டித்தான் இருக்கும். திறந்த தரையைக் கடப்பதை அது விரும்பாது. முதல் வேலையாக அறைக்கதவைச் சாத்தி, கீழ் இடைவெளியில் ஈரமற்ற துண்டைச் சுருட்டி இறுக்கி அடையுங்கள். வீட்டில் உள்ளவர்கள் அனைவருக்கும் சொல்லிவிடுங்கள். யாருக்கும் தெரியாமல் தேடிவிடலாம் என்று நினைத்தவர்கள் வீட்டில்தான் வாஷிங் மெஷின் ஓடியிருக்கிறது. துணி துவைக்கும் இயந்திரம், கிரைண்டர், வாசலில் நிற்கும் ஸ்கூட்டர் எதையும் உள்ளே பார்க்காமல் இயக்கக் கூடாது. குளியலறைத் தரையிலுள்ள வடிகால் துளைகளின் மேல் சல்லடை மூடி இல்லையென்றால் ஒரு செங்கல்லை வைத்து மூடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் அதை வேறிடத்தில் அடையுங்கள்.

பிறகு, பெட்டி இருக்கும் இடத்திலிருந்து இருபுறமும் சுவரோரமாக நகர்ந்து, தரையோடு தரையாக டார்ச்சைப் பிடித்துப் பாருங்கள். மேலிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் தெரியாத தூசித் தடம், தரையை உரசிச் செல்லும் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். பீரோவின் கீழ்ச் சட்டம், மேசை இழுப்பறைகளின் பின்புறம், திரைச்சீலையின் மடிப்பு, புத்தக வரிசைக்குப் பின்னால் உள்ள இடைவெளி ஆகியவற்றைப் பாருங்கள். இழுப்பறையை இழுத்துத் திறக்காதீர்கள். முழுவதுமாக மெதுவாகக் கழற்றி எடுங்கள்.

ஓர் இரவு கடந்துவிட்டது. எந்த அறை என்றே தெரியவில்லை

வெளிநாட்டு வளர்ப்பாளர்கள் எழுதிய வழிகாட்டிகள் ஏறக்குறைய எல்லாமே சூடான இடத்தில் தேடச் சொல்லும். குளிர்நாட்டு வீட்டுக்கு அது பொருந்தும். மதுரையில் கத்திரி வெயில் நாட்களில் அந்த அறிவுரையைப் பின்பற்றினால் நேர்மாறான இடத்தில் தேடிக்கொண்டிருப்போம், நான் தேடியிருக்கிறேன். பால் பைத்தானுக்கு உகந்த வெப்பம் 26 முதல் 32 டிகிரி வரை. 35ஐத் தாண்டினால் அது தவிக்கத் தொடங்கும். மே மாதப் பிற்பகலில் மதுரையின் வெயில் 38, 39 என்று ஏறும்போது மொட்டை மாடிக்குக் கீழ் உள்ள அறை இரவிலும் கனன்றுகொண்டிருக்கும். அப்போது பாம்புக்குத் தேவை குளிர்ச்சி.

ஓர் ஆண்டு வைகாசியில் எங்கள் பால் பைத்தான் தப்பியபோது, இன்வெர்ட்டர் பேட்டரியின் பின்புறம், ஃபிரிட்ஜின் கம்ப்ரசர், செட்டாப் பாக்ஸ் என்று சூடான பொருள்களையே எட்டு நாள் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் காலை, விருந்தாளிக்கு விரிப்பதற்காகக் கதவுக்குப் பின்னால் சுருட்டி நிறுத்தியிருந்த கோரைப்பாயை அம்மா தூக்கினார். "பாய் ஏன்டா இப்படிக் கனக்குது?" என்று கேட்டுக்கொண்டே அதை என் கையில் கொடுத்தார். படுக்கவைத்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தேன். மூன்றாவது சுற்றில் பாயின் பச்சைக் கரை மேல் அது சுருண்டிருந்தது. உடம்பு முழுவதும் கோரை வரிகள் பதிந்திருந்தன. அந்தப் பாயை அதற்கு முன்பு பெருக்குவதற்காக இரண்டு முறை நானே நகர்த்தி வைத்திருக்கிறேன். காற்றோட்டமும் குளிர்ச்சியும் உடம்பைச் சுற்றிலும் இறுக்கமும் ஒருசேரக் கிடைக்கும் பொருள் நம் வீடுகளில் அதைப்போல் வேறில்லை என்பது அன்றுதான் புரிந்தது.

ஆகவே பங்குனி முதல் ஆவணி வரை இந்த இடங்களை முதலில் பாருங்கள்: சுருட்டிய பாய்கள், மண்பானை வைத்திருக்கும் மணல் மேடை, கிரைண்டரின் அடிப்பகுதி, கொல்லைப்புற அம்மி, தண்ணீர்த் தொட்டியின் நிழல் பக்கம், குளியலறையில் கவிழ்த்த வாளிகள், படிக்கட்டின் அடியில் அடுக்கிய சாக்குகள், அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்து. பழைய மாசி வீதி வீடுகளைப் போலக் கனத்த சுவரும் தளமும் உள்ள வீடுகளில் தரைத்தளத்தின் நடு அறைதான் மிகக் குளிர்ந்த இடம், அங்கிருந்து தொடங்கலாம். மார்கழி, தை மாதங்களில் பின்னிரவு 20 டிகிரியை ஒட்டி இறங்கும்போது கதை மாறும். அப்போது இன்வெர்ட்டர், மோடம், ஃபிரிட்ஜின் பின்புறம், டிவிப் பெட்டியின் முதுகு ஆகியவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். மின்சாதனத்தை நகர்த்துமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஃபிரிட்ஜை இழுக்காமல், அதன் பின் தகட்டின் திருகுகளைக் கழற்றிப் பார்ப்பதே பாதுகாப்பு.

பகலில் தேடுவது பொருள்களை நகர்த்திப் பார்ப்பதற்கு உதவும். பாம்பையே நேரில் பிடிக்க இரவு 11 மணிக்கு மேல்தான் தோது. விளக்குகளை அணைத்து, மின்விசிறியை நிறுத்தி, சுவரோரங்களில் கசங்கிய மளிகைக்கடை பாலித்தீன் பைகளைப் பரப்பிவிட்டு, அறை நடுவில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். பையின் மேல் பாம்பு ஊரும் ஓசை தொடர்ந்து இழுபடும் சரசரப்பாக இருக்கும். கரப்பான் எழுப்பும் ஓசை விட்டுவிட்டு வரும். இரண்டு இரவு கேட்டால் காது பழகிவிடும்.

கோலமாவு இன்னொரு நல்ல கருவி. வெளிநாட்டில் கோதுமை மாவு தூவச் சொல்வார்கள். நம் ஊரில் அரிசி மாவோ கோதுமை மாவோ தூவினால் விடிவதற்குள் எறும்பு தடத்தை அழித்துவிடும். வெள்ளைக் கல்லை அரைத்து விற்கும் கோலமாவில் எறும்பு ஏறாது. டீ வடிகட்டியில் போட்டுச் சலித்து, ஒவ்வொரு அறையின் நிலைப்படியிலும் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை போடுங்கள். சுண்ணாம்பும் ப்ளீச்சிங் பவுடரும் கூடவே கூடாது. பாம்பின் வயிற்றுச் செதிலையும் நாக்கையும் அவை புண்ணாக்கும்.

பூண்டுத் தண்ணீர், பெனாயில், மிளகாய்ப் புகை ஆகியவற்றைப் பற்றியும் கேட்பார்கள். பூண்டு ஒன்றும் செய்யாது. பெனாயிலும் புகையும் சிறிய மூச்சுக்குழல் கொண்ட பிராணிக்குத் தீங்கு. தேடுவது நம் பாம்பைத்தான் என்பதை மறந்துவிட்ட யோசனைகள் அவை.

கோலமாவில் தடம் விழுந்திருக்கிறது

பால் பைத்தான் கனமான பாம்பு. அவசரமில்லாமல் போகும்போது வயிற்றுச் செதில்களால் நேராக நகரும். அதனால் அதன் தடம் கிட்டத்தட்ட நேரான, உடல் அகலத்துக்குத் துடைத்துவிட்ட பட்டையாக இருக்கும். கார்ன் ஸ்நேக் தடம் ஒடுங்கி நெளியும். பல்லி நடந்தால் இருபுறமும் புள்ளிகளும் நடுவில் விட்டுவிட்டு வால் கோடும் தெரியும். எலியின் தடத்தில் புள்ளிகள் ஆழமாகவும் வால் கோடு மெல்லியதாகவும் இருக்கும். கரப்பான் தடம் தையல் போட்டதுபோல் இருக்கும்.

எந்த நிலைப்படி கடக்கப்பட்டது என்பதுதான் முக்கியம். கடந்த பட்டைக்கும் கடக்காத பட்டைக்கும் இடையிலுள்ள அறையை அன்றே மூடி, அடுத்த இரவு அந்த அறைக்குள் மட்டும் பீரோ, கட்டில், அலமாரி ஒவ்வொன்றையும் சுற்றிப் பட்டை போடுங்கள். இரண்டு மூன்று இரவில் ஒரே ஒரு பொருளுக்கு வந்துவிடலாம். சீலிங் ஃபேன் முழு வேகத்தில் ஓடினால் தடம் மங்கும். மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டுத் தூங்கச் சொல்வது கொடுமைதான், ஆனாலும் வேறு வழியில்லை. தேடும் அறையில் மட்டும் நிறுத்தினால் போதும்.

சட்டையோ எச்சமோ கிடைத்தது

பாம்பின் எச்சம் பழுப்பாகவும், கூடவே சுண்ணாம்புக் கட்டி போன்ற வெள்ளைப் பகுதியோடும் இருக்கும். பல்லி எச்சத்திலும் வெள்ளை நுனி உண்டு. ஆனால் அது அரிசியளவுதான். எலிப் புழுக்கையில் வெள்ளை இருக்காது.

சட்டை கிடைத்தால் அதை எடுக்குமுன் கிடந்தபடியே ஒரு படம் எடுங்கள். பாம்பு தன் சட்டையை நாம் காலுறையை உள்வெளியாகக் கழற்றுவதைப்போல் கழற்றும். எனவே யாரும் தொடாத சட்டையில் வால் நுனி கிடக்கும் பக்கமே பெரும்பாலும் அது போன பக்கம். பிறகு சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பால் பைத்தானின் செதில் வழவழவென்று இருக்கும். செதில் ஒவ்வொன்றின் நடுவிலும் மெல்லிய முகடு தெளிவாக ஓடினால், அது கண்ணாடி விரியன் முதலிய வேறு பாம்பின் சட்டையாக இருக்கலாம். தேடலை அங்கேயே நிறுத்திவிட்டு, வெளிப் பாம்பு பற்றிக் கீழே எழுதியிருப்பதைப் படியுங்கள்.

உடலில் ஒரு பகுதி தெரிகிறது. வெளியே வர மறுக்கிறது

வாலைப் பிடித்து இழுப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. பாம்பு உடலை விரித்துச் சுவர்களில் முட்டுக்கொடுத்துக்கொள்ளும். இழுக்க இழுக்க முதுகெலும்புதான் சேதமாகும். முடிந்தவரை பொருளைப் பிரித்துப் பாம்பை விடுவியுங்கள்: சோபாவின் அடித்துணியைத் தையல் ஓரமாகக் கிழிக்கலாம், அலமாரியின் பின்பலகையின் ஆணியைப் பிடுங்கலாம். பிரிக்க முடியாத சுவர் வெடிப்பு, ஏசிக் குழாய்த் துளை போன்ற இடமானால், வாய் திறந்த ஒரு தலையணை உறையை முன்னால் வைத்து, அறையை இருட்டாக்கிக் காத்திருங்கள். வால் பக்கமாக மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தடவிக்கொண்டே இருந்தால் பெரும்பாலான பாம்புகள் முன்னோக்கி நகரும். ஆழமான துளையானால், போனில் இணைக்கும் ஒயர் கேமராவை மின்கருவிக் கடையில் வாங்கி உள்ளே விட்டுப் பார்க்கலாம்.

இந்தக் குழப்பத்தில் அது கடித்தால் கையை உதறாதீர்கள்; பின்னோக்கி வளைந்த பற்கள் சதையைக் கிழித்துவிடும். வாயருகே குளிர்ந்த நீரை ஊற்றினால் விட்டுவிடும். சோப்புப் போட்டுக் கழுவுங்கள்; டி.டி. ஊசி எப்போது போட்டீர்கள் என்று நினைவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள்.

எலிக்கு வைத்த பசை அட்டையில் ஒட்டிக்கிடக்கிறது

பிய்க்காதீர்கள்; செதில் அட்டையோடு வந்துவிடும். அடுப்படியிலிருந்து நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெயைக் கொண்டுவந்து, ஒட்டிய இடத்தின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, விரல் நுனியால் மெதுவாகத் தேய்த்து, அங்குலம் அங்குலமாக விடுவியுங்கள். விடுபட்ட பகுதி மறுபடி ஒட்டாமலிருக்க அட்டையின் மீதி இடத்தில் செய்தித்தாளை ஒட்டிவிடுங்கள். மூக்குத் துளையிலும் வாயிலும் எண்ணெய் போகக் கூடாது. அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், அவசரப்பட வேண்டாம். பின்னர் வெதுவெதுப்பான நீரில் கழுவி, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பாம்பு காணாமல் போன அன்றே வீட்டிலுள்ள பசை அட்டைகளையும் எலி மருந்தையும் எடுத்துவிடுவது இந்த வேலையை மிச்சப்படுத்தும். மருந்து தின்ற எலியை விழுங்கினால் பாம்புக்கும் ஆபத்து.

பாம்பு கண்ணில் பட்டது, அது உங்களுடையதுதானா?

மதுரையில் இருப்பவர்கள் மற்ற எல்லாவற்றையும்விட இந்தப் பகுதியை ஊன்றிப் படிக்க வேண்டும். நாகமலை, திருப்பரங்குன்றம், அழகர்கோவில் சாலை, வைகைக் கரை, கண்மாய்களை ஒட்டி எழுந்த புதிய நகர்கள் எங்குமே வெளிப் பாம்பு வீட்டுக்குள் வருவது புதிதல்ல; ஐப்பசி, கார்த்திகை மழையில் வளைகளில் தண்ணீர் புகுந்தால் இன்னும் அதிகம். வளர்ப்புப் பாம்பைத் தேடுபவர் எல்லா இடுக்கிலும் பாம்பு இருக்கும் என்ற எதிர்பார்ப்போடும், அது தன்னைக் கொல்லாது என்ற நம்பிக்கையோடும் கை நீட்டுகிறார். அந்தச் சேர்க்கைதான் அபாயம்.

ஓர் ஐப்பசி இரவில், கீழ் வீட்டு அக்கா மாடிப்படியில் நின்று, "தம்பி, எங்க பின்கட்டுல பாம்பு கெடக்கு, ஒன்னோடதான்னு வந்து பாரு" என்று கூப்பிட்டார். அப்போது என் கார்ன் ஸ்நேக் காணாமல் போய் மூன்று நாளாகியிருந்தது. அண்டாவுக்குப் பின்னால் மெலிந்த வால் ஒன்று மங்கலாகத் தெரிந்ததும் குனிந்து கையை நீட்டிவிட்டேன். டார்ச் வெளிச்சம் சற்றுத் திரும்பியபோது வெள்ளைப் பட்டைகள் தெரிந்தன. நல்ல வேளையாக அது வெள்ளிக்கோல் வரையன், நஞ்சற்றது. ஆனால் அதை நான் தெரிந்துகொண்டது பிறகுதான். கை நீட்டிய அந்தக் கணத்தில் அது கட்டுவிரியனாகவும் இருந்திருக்கலாம்.

எனவே விதி இது: தலையும் உடலின் பாதியும் தெரியாதவரை எந்தப் பாம்பையும் தொடக் கூடாது. இரண்டு மீட்டர் தள்ளி நின்று, போனில் பெரிதாக்கிப் படம் எடுத்து, உங்கள் பாம்பின் பழைய படத்தோடு ஒப்பிடுங்கள். சாதாரண நிறமுள்ள பால் பைத்தானை அயலார் கண்ணாடி விரியன் என்று நினைப்பது இயல்பு. இரண்டும் பழுப்பு, இரண்டும் தடித்தவை. விரியனின் முதுகில் கருப்பு விளிம்பிட்ட நீள்வட்டங்கள் மூன்று வரிசையாகச் சங்கிலிபோல் ஓடும். செதில் சொரசொரப்பாக இருக்கும். கிட்டப் போனால் குக்கரில் ஆவி பீறிடுவதுபோல் நெடுநேரம் சீறும். பால் பைத்தானின் கருமையான உடலில் ஒழுங்கற்ற வெளிர் திட்டுகள் இருக்கும், உடல் மினுமினுக்கும், அது பெரும்பாலும் சீறுவதற்குப் பதில் சுருண்டுகொள்ளும். கட்டுவிரியனின் வெள்ளைப் பட்டைகள் தலைப்பக்கம் மங்கி, வால் பக்கம் தெளிவாகும்; வெள்ளிக்கோல் வரையனில் முன்பக்கம் தெளிவாக இருந்து வால் பக்கம் மங்கும். இவ்வேறுபாடுகள் விலகி நிற்க உதவுவதற்கே. கையால் எடுக்கலாமா என்று முடிவு செய்ய இவற்றை நம்ப வேண்டாம். சந்தேகம் இருந்தால் கதவைச் சாத்தி, துண்டால் இடைவெளியை அடைத்து, தீயணைப்புத் துறையை 101இல் அழையுங்கள்.

கடி பட்டுவிட்டால், எந்தப் பாம்பு என்ற ஆராய்ச்சியில் நேரம் போக்காமல் 108ஐ அழைத்து, அரசு இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையை அசைக்காமல் வைத்திருப்பது போதும். கட்டுவிரியன் கடி வலிக்காமலே போகலாம். பாம்பு தேடும் நாட்களில் தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலியோடோ இமை சரிந்தோ எழுந்தால், கடித்த தடம் இல்லையென்றாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்நாட்களில் கட்டிலில், கொசுவலையை மெத்தைக்கடியில் செருகிப் படுப்பது எல்லாருக்கும் நல்லது.

வளவு வீட்டில் குடியிருப்பவர்கள் முதல் நாளே அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லி, பாம்பின் படத்தையும் போனில் அனுப்பிவிட வேண்டும். திட்டு விழும், விழட்டும். சொல்லாமல் விட்டால் முதலில் பார்ப்பவர் கையில் கம்போடு இருப்பார். படத்தை அனுப்பும்போதே, "பாம்பு தெரிந்தால் நீங்கள் தொட வேண்டாம், கதவைச் சாத்திவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்" என்ற வரியையும் சேருங்கள்.

வாரங்கள் ஆகிவிட்டன

நம்பிக்கை இழக்க வேண்டாம். வளர்ந்த பால் பைத்தான் மாதக்கணக்கில் தின்னாமல் தாங்கும். தண்ணீர்தான் அதற்கு நெருக்கடி. அந்தத் தாகத்தையே பொறியாக வைக்கலாம். விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு உடைந்த பழைய மண்சட்டியைக் கவிழ்த்து, உள்ளே நனைத்துப் பிழிந்த துணியை விரித்து, பக்கத்தில் ஆழமில்லாத தண்ணீர்த் தட்டை வையுங்கள். அறைக்கு ஒன்று, சுவரை ஒட்டி, உடைந்த வாய் சுவர்ப் பக்கம் பார்க்கும்படி வைக்க வேண்டும். மாலை 6 மணிக்குத் துணியை நனைத்துவைத்து, விடியற்காலை 5 மணிக்குச் சட்டியைத் தூக்கிப் பார்க்கலாம். தூக்கும்போது விளிம்பு உங்கள் பக்கம் கேடயமாக இருக்கட்டும், உள்ளே இருப்பது தேளாகவும் இருக்கலாம். மற்ற தண்ணீர் இடங்களை, அதாவது குளியலறை வாளி, ஃபிரிட்ஜின் அடித் தட்டு ஆகியவற்றை இரவில் காலி செய்துவிட்டால் பொறிக்கு வலு கூடும். தை மாதமானால் ஈரத்துணிக்குப் பதில் சட்டிக்குள், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் போட்ட ஹீட் மேட்டை வையுங்கள். உயிருள்ள எலியைக் கூண்டில் கட்டிவைக்கும் யோசனை வேண்டாம். எலி தப்பினால் தேட வேண்டியது இரண்டாகும்.

கிடைத்த பிறகு

உடனே இரை கொடுக்காதீர்கள். முதலில் உடல் முழுவதும் டார்ச் அடித்து, சூட்டுக் காயம், கீறல், செதிலிடுக்கில் கருப்புப் புள்ளியாக நகரும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். தோலைக் கிள்ளினால் மடிப்பு மெதுவாக விரிந்தால் நீர்ச்சத்துக் குறைவு. உடலின் பாதி மூழ்கும் அளவு 28 டிகிரி நீரில் கால் மணி நேரம், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, விடலாம். வாயைத் திறந்து மூச்சுவிட்டாலோ மூக்கில் குமிழி வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். ஒரு வாரம் பெட்டியில் தனியே விட்டு, அதன் பிறகு வழக்கத்தைவிடச் சிறிய இரையைக் கொடுங்கள்.

எங்கள் பால் பைத்தான் பெட்டியிலிருந்து தப்பிய வழி கடைசியில் ஒரு கால் அங்குல விஷயமாக இருந்தது. நகரும் கண்ணாடிக் கதவின் தடத்தில் நார்த்தூள் அடைத்துக்கொண்டதால், பூட்டு கொக்கியில் விழுந்ததுபோல் தோன்றினாலும் கதவு முழுவதும் மூடியிருக்கவில்லை. இப்போது சனிக்கிழமைதோறும் பழைய பல்துலக்கியால் அந்தத் தடத்தைச் சுத்தம் செய்கிறேன். இரவு விளக்கணைக்குமுன் கதவை ஒருமுறை பக்கவாட்டில் இழுத்துப் பார்க்கிறேன்.